மணிக்கும் ஒரு பாஸ்போர்ட்



தூர தேசம் போகும் பிள்ளைகளுக்கு மூட்டை கட்டித் தருவதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, வடகம், சுண்டைக்காய் வற்றல், குழந்தைக்கு வசம்பு என்று ஒன்று விடாமல் எழுதி வைத்து, பெட்டியை இரண்டு தரம் எடை போட்டு அனுப்புவோம். ஆனால் அந்தப் பட்டியலில் இடம் பெறாத ஒரு ஜீவன் வாசற்படியில் படுத்துக்கொண்டு, எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதுதான் வீட்டு நாய். அதை என்ன செய்வது என்ற கேள்வி பெரும்பாலும் டிக்கெட் வாங்கிய பிறகுதான் நம் ஞாபகத்துக்கு வருகிறது.

நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: “ஏனுங்க அக்கா, எம் பொண்ணு, மாப்பிள்ளை, பேரன் மூணு பேரும் ரெண்டு மாசத்துல ஜெர்மனி போறாங்க. மணியையும் கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தாங்க. இப்ப அவனுக்கு மட்டும் முடியாதுங்கறாங்க. பேரனுக்கு ஆறு வயசு. ‘மணி வரலேன்னா நானும் வரலே’ன்னு சோறு திங்க மாட்டேங்கறான். மணிக்கு ஊசியெல்லாம் போட்டாச்சுங்க. அப்புறம் ஏனுங்க விட மாட்டேங்கறாங்க?”

நியாயமான கேள்விதான். பதிலைக் கேட்டுவிட்டு மனம் தளர வேண்டாம். மணி போகலாம். ஆனால் இரண்டு மாதத்தில் போக முடியாது. ஏன் என்று விவரமாகப் பார்ப்போம். வீட்டில் நாய் வளர்க்கிறவர்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணத்தில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் இது உதவும்.

அவர்களுக்கு என்ன பயம்?

எல்லாவற்றுக்கும் காரணம் வெறிநோய். வெறிபிடித்த நாயின் எச்சிலில் இருக்கும் கிருமி, கடித்த காயத்தின் வழியாக உள்ளே போய், நரம்பு வழியே மூளையை எட்டுகிறது. நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாகப் பிழைப்பதில்லை. நாயும் சரி, மனிதரும் சரி. அதற்கு முன் தடுப்பூசி போட்டுக்கொண்டால் முழுதாகத் தப்பலாம். லூயி பாஸ்டர் 1885-ல் கண்டுபிடித்துத் தந்த வழி அது. நம் குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிலையமும் இந்த வேலைக்காகவே வந்தது.

மேற்கு ஐரோப்பாவில் இந்த நோயை வீட்டு நாய்களிடம் முன்பே அடக்கிவிட்டார்கள். ஆனால் காட்டு நரிகள் மூலமாக அது பரவிக்கொண்டே இருந்தது. நரிக்கு யார் ஊசி போடுவது? 1978-ல் சுவிட்சர்லாந்தில் ஒரு யோசனை செய்தார்கள். கோழித் தலைக்குள் தடுப்பு மருந்தை வைத்துக் காட்டில் போட்டார்கள். நரி தின்றது, அதற்கு எதிர்ப்புச் சக்தி வந்தது! கோழி ஊரான நமக்கு இதைக் கேட்கச் சிரிப்பும் வியப்பும் வருகிறதல்லவா? அப்படிப் பல வருஷம் பாடுபட்டு, 2008-ல் ஜெர்மனி வெறிநோய் நீங்கிய நாடாக அறிவிக்கப்பட்டது. இவ்வளவு கஷ்டப்பட்டு விரட்டிய நோயை, வெளியிலிருந்து வரும் ஒரு நாய் திரும்பக் கொண்டு வந்துவிடுமோ என்று அவர்கள் அஞ்சுவதில் தப்பில்லை.

வெறிநோய்க் கிருமி உடம்பில் நுழைந்தாலும் உடனே தெரியாது. பல வாரம், சில சமயம் பல மாதம் ஒளிந்திருக்கும். ஆகவேதான் இந்தியா போன்று நோய் உள்ள நாடுகளிலிருந்து வரும் நாய்க்கு, “ஊசி போட்டாச்சு” என்ற வார்த்தை மட்டும் போதாது. ஊசி பலித்ததா என்று ரத்தத்தில் பார்த்து, அதற்கு மேல் மூன்று மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

மார்கழியில் ஊசி, வைகாசியில் விமானம்

வரிசைதான் இதில் உயிர். சமையலில் தாளித்த பிறகு கடுகு போட்டால் எப்படியோ, அப்படித்தான் இதில் வரிசை மாறினாலும். படிகளைச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி, சிப். அரிசி அளவில் இருக்கும் இந்தச் சின்னக் குப்பியை ஊசி மூலம் தோளுக்கு நடுவே தோலுக்கடியில் வைப்பார்கள். அதில் 15 இலக்க எண் இருக்கும். கையடக்கக் கருவியைக் காட்டினால் எண் தெரியும். அவ்வளவுதான், நாய் எங்கே போகிறது என்று அது சொல்லாது. சர்வதேசத் தரத்து சிப் தானா என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் படி, வெறிநோய்த் தடுப்பூசி. சிப் வைத்த அன்றோ அதற்குப் பிறகோதான் போட வேண்டும். அதற்கு முன் போட்ட ஊசி ஐரோப்பியக் கணக்கில் சேராது. நம் சகோதரியின் மணிக்கு நேர்ந்தது இதுதான். முகாமில் ஊசி போட்டார்கள், அட்டையும் இருக்கிறது, சிப் மட்டும் இல்லை. “இந்த ஊசி இந்த நாய்க்குத்தான் போட்டது” என்பதற்கு அத்தாட்சி இல்லாமல் போயிற்று. எனவே சிப் வைத்து, மறுபடி ஊசி போட வேண்டும். குட்டியாக இருந்தால் 12 வாரம் நிரம்பியிருக்க வேண்டும்.

மூன்றாம் படி, ரத்தப் பரிசோதனை. ஊசி போட்டு 30 நாளாவது கழிந்த பிறகு கால்நடை டாக்டர் ரத்தம் எடுப்பார். அதை ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். வேறு இடத்து ரிப்போர்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் செல்லாது. எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச யூனிட்டாவது இருக்க வேண்டும். குறைந்தால் இன்னொரு ஊசி போட்டு மீண்டும் ரத்தம் எடுக்க வேண்டியதுதான்.

நான்காம் படி, காத்திருப்பு. ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம். ரிப்போர்ட் வந்த தேதியிலிருந்து அல்ல.

ஐந்தாம் படி, சுகாதாரச் சான்றிதழ். ஐரோப்பாவில் போய் இறங்குவதற்கு முந்தைய பத்து நாளுக்குள் அரசு கால்நடை அதிகாரி தர வேண்டும். இதற்கென்று மத்திய அரசின் பிராணிகள் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கின்றன. முன்கூட்டியே தேதி கேட்டுக்கொண்டு, எல்லாக் காகிதத்தோடும் நாயோடும் போக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஜனவரி 5-ஆம் தேதி சிப்பும் ஊசியும். பிப்ரவரி 5-ல் ரத்தம். மே 5-ல் மூன்று மாதம் நிறைவு. மே நடுவில் விமானம். நம் மாதக் கணக்கில் மார்கழியில் ஊசி, தையில் ரத்தம், சித்திரை முழுக்கக் காத்திருந்து வைகாசியில் பயணம். எப்படிப் பார்த்தாலும் நான்கு மாதத்துக்குக் குறையாது. ஏழு மாதம்கூட ஆகாத குட்டியை இங்கிருந்து கூட்டிப் போகவே முடியாது என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். “அங்கே போய்க் கொஞ்சட்டும்” என்று கிளம்பும் சமயத்தில் குட்டி வாங்காதீர்கள்.

மாப்பிள்ளை முன்னே, மணி பின்னே

“சரி, அவர்கள் போகட்டும். நான்கு மாதம் கழித்து மணியை மட்டும் விமானத்தில் ஏற்றி விடுகிறேன்” என்று சில பாட்டிமார்கள் நினைக்கலாம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சொந்தக்காரர் பயணம் செய்வதற்கு முன்னோ பின்னோ ஐந்து நாளுக்குள் நாயும் பயணம் செய்தால்தான் அது ‘வீட்டுப் பிராணி’. சொந்தக்காரர் எழுதிக் கொடுத்திருந்தால் இன்னொருவர் கூட்டிப் போகலாம். அப்போதும் இந்த ஐந்து நாள் கணக்கு உண்டு. அது தவறினால் வியாபாரத்துக்குப் போகும் நாயைப் போலக் கருதி, வேறு கட்டுப்பாடுகள் வந்து சேரும்.

ஆகவே சகோதரிக்கு என் யோசனை இது. மாப்பிள்ளை முன்னால் போய் வேலையில் சேரட்டும், வீடு பார்க்கட்டும். நாய்க்குச் சம்மதிக்கும் வீட்டுக்காரரைத் தேடுவதற்கே அங்கே நாள் பிடிக்கும். மகளும் பேரனும் மணியும் நான்கைந்து மாதம் கழித்துச் சேர்ந்து கிளம்பட்டும். பேரனிடம் “மணி வரமாட்டான்” என்று சொல்லாதீர்கள். “மணிக்குப் பாஸ்போர்ட் வர நாளாகும்” என்று சொல்லி, ஒரு காலண்டரைக் கையில் கொடுத்து, தினமும் ஒரு கட்டம் அடிக்கச் சொல்லுங்கள். சோறு தானாக இறங்கும். மாப்பிள்ளையைப் பிரிந்திருக்க மகளுக்கு மனமில்லை என்றால், இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியதுதான். ஆனால் அந்தப் பேச்சு இன்றைக்கே நடக்க வேண்டும். கிளம்புகிற வாரத்தில் அல்ல.

“எப்படியாவது ஏற்றிவிட்டால் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். காகிதம் சரியில்லாத நாயைத் திருப்பி அனுப்பலாம், நம் செலவில் தனியாக அடைத்து வைக்கலாம். வேறு வழியே இல்லாவிட்டால் ஊசி போட்டு முடித்துவிடவும் அவர்கள் சட்டத்தில் இடம் இருக்கிறது. குழந்தை போல் வளர்த்ததை அந்த நிலைக்கு விடலாமா?

சட்டம் தளர்ந்த சந்தர்ப்பமும் உண்டு, இல்லாமல் இல்லை. 2022 பிப்ரவரி 24-ல் உக்ரைனில் யுத்தம் மூண்டபோது, அங்கே டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த நம் மாணவர்கள் பலர் நாயையும் பூனையையும் விட்டுவர மறுத்தார்கள். கேரளத்து மாணவி ஒருவர் தன் ஐந்து மாத நாய்க்குட்டியோடு, சில இடங்களில் அதைத் தூக்கிக்கொண்டே நடந்து, ருமேனியா எல்லையைத் தாண்டி வந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். ஐரோப்பிய நாடுகள் பல, அகதிகளோடு வந்த பிராணிகளைக் காகிதம் குறைந்தாலும் உள்ளே விட்டன. நம் அரசும் அந்த ஒரு தடவைக்கு விதியைத் தளர்த்தியது. அது குண்டு விழுந்த நேரத்தில் காட்டிய கருணை. சாதாரண நாளில் கிளம்புகிற நமக்குக் காலண்டர்தான் கருணை.

அங்கே போன பிறகு

ஜெர்மனியில் குடியேறிய பின், அங்குள்ள கால்நடை டாக்டரிடம் காட்டினால் மணிக்கு ஒரு சின்னப் பாஸ்போர்ட் புத்தகம் தருவார். சிப் எண், ஊசி தேதி எல்லாம் அதில் இருக்கும். நம் ஊர் லாரிக்கு நேஷனல் பர்மிட் எப்படியோ, அப்படி இது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பிரான்சுக்கோ இத்தாலிக்கோ காரிலேயே கூட்டிப் போகலாம். மறுபடி ரத்தப் பரிசோதனை கிடையாது. ஆனால் தடுப்பூசியை ஒரு நாள்கூடத் தவறாமல், கெடுவுக்குள் போட்டு வர வேண்டும். கெடு தாண்டினால் எல்லாம் முதலிலிருந்துதான்.

அயர்லாந்து, பின்லாந்து, மால்டா, நார்வே போன்ற சில நாடுகளுக்கு நாயைக் கொண்டு போவதானால் இன்னொன்றும் வேண்டும். போய்ச் சேருவதற்கு ஒன்று முதல் ஐந்து நாளுக்குள் நாடாப்புழு மருந்து கொடுத்து, டாக்டர் எழுதித் தர வேண்டும்.

பாரிஸிலும் லண்டனிலும் உறவுகள் உள்ள நம் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி இங்கும் அங்கும் போய் வருவார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியது, 2021 முதல் பிரிட்டன் இந்தப் பாஸ்போர்ட் ஏற்பாட்டிலிருந்து விலகிவிட்டது. பிரிட்டனிலிருந்து ஒவ்வொரு தரம் பிரான்சுக்குப் போகும்போதும் தனியாகச் சுகாதாரச் சான்றிதழ் வாங்க வேண்டும். பிரிட்டனுக்குள் போகும் நாய்க்கும் புழு மருந்து அவசியம். விமானத்தில் பிரிட்டனுக்குப் போகும் நாய், சரக்குப் பகுதியில்தான் போக வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு இறங்க முடியாது. அதனால் பிரான்சிலிருந்து போகிறவர்கள் பலர், கடலுக்கடியில் குடைந்த சுரங்கத்தில் காரோடு ரயிலேறிப் போகிறார்கள். நாய் காரிலேயே இருக்கும். ஒருகாலத்தில் பிரிட்டனுக்குப் போன நாயை ஆறு மாதம் கூண்டில் அடைத்துப் போடுவார்கள். 2000-க்குப் பிறகுதான் அந்தக் கஷ்டம் படிப்படியாகக் குறைந்தது.

கூண்டைப் பழக்குவது நம் கையில்

காகிதத்தை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டாலும், கூண்டைப் பழக்குவது வீட்டில் இருக்கிற நம் வேலைதான். கூண்டுக்குள் நாய் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே வாங்கி, கூடத்தில் கதவைத் திறந்து வைத்துவிடுங்கள். உங்கள் பழைய நூல் சேலை ஒன்றை மடித்து உள்ளே விரியுங்கள். சோற்றுத் தட்டை அதற்குள் வையுங்கள். நாலு நாளில் தானே போய்ப் படுத்துக்கொள்ளும். பிறகு சிறிது நேரம் கதவைச் சாத்திப் பழக்குங்கள். பயண நாளிலும் அதே சேலையைத் துவைக்காமல் போடுங்கள். வீட்டு வாசனை அதற்குத் தைரியம்.

தூக்க மருந்து கொடுத்து ஏற்றலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். உயரத்தில் மூச்சும் ரத்த அழுத்தமும் குறைந்து ஆபத்தாகலாம். பயணத்துக்கு நாலைந்து மணி நேரம் முன்பு லேசாகச் சாப்பாடு. தண்ணீர் கடைசி வரை. நாமக்கல்லிலிருந்து பெங்களூரோ சென்னையோ காரில் போகும்போது இரண்டு மணிக்கொரு தரம் இறக்கி நடக்க விடுங்கள். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய காரில் ஐந்து நிமிஷம்கூடத் தனியாக விட்டுப் போகாதீர்கள்.

பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு விமானத்தில் மூச்சுத் திணறும் என்பதால் பல விமானங்களில் ஏற்றமாட்டார்கள். பிட்புல் வகைகளை ஜெர்மனியும் பிரிட்டனும் உள்ளே விடுவதில்லை. நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, சாதாரண நாட்டு நாய் எதற்கும் அந்தத் தடை கிடையாது. காகிதம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான். ஆனால் இவை குட்டை மயிர் உள்ளவை. அங்கத்திய குளிருக்குக் கம்பளிச் சட்டை தேவைப்படும். ஜெர்மனியில் பெரும்பாலான ஊர்களில் நாய்க்கு வரி உண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: நாய்க்கென்று இறைச்சி, பால் கலந்த தீனியைப் பெட்டியில் வைக்காதீர்கள். வெளியிலிருந்து அவற்றை ஐரோப்பாவுக்குள் கொண்டு போகத் தடை. நமக்குக் கட்டித் தரும் நெய்க்கும் அதே கதிதான்! கிளியைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதே 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கொண்டு போகும் பேச்சே கிடையாது.

கிழட்டு நாயாக இருந்தால்?

வயதான நாய், இருதய நோய் உள்ள நாய், கூட்டத்தைக் கண்டு நடுங்கும் நாய், இவற்றை இத்தனை தூரம் இழுத்துப் போவது அன்பா என்று யோசியுங்கள். பழகிய திண்ணையும் பழகிய கையும் இருக்குமானால், தாத்தா பாட்டியோடு விட்டுப் போவதே அதற்குச் சுகம். விட்டுப் போவது வேறு, தெருவில் விட்டுப் போவது வேறு. யார் சோறு போடுவார், யார் வருஷா வருஷம் ஊசி போடுவார் என்று பெயர் சொல்லி ஒப்படைத்து, செலவுக்கும் ஏற்பாடு செய்துவிட்டுப் போக வேண்டும்.

சந்தேகம் கேட்க நமக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. மோகனூர் ரோட்டில் 1985-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியைத் தெரியாதவர் நாமக்கல்லில் யார்? கோழிக்கும் மாட்டுக்கும் போகிறோம். நாய்க்கும் அங்கே வைத்தியம் உண்டு. விதிகள் அவ்வப்போது மாறும். அதனால் டிக்கெட் எடுக்கும் முன் போகிற நாட்டுத் தூதரகத்திலும் விமானக் கம்பெனியிலும் ஒருமுறை கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். மணி ஒருநாள் ஊர் திரும்புவதானாலும், இந்தியாவுக்குள் கொண்டுவர முன் அனுமதி வாங்க வேண்டும் என்பதை மகள் மறக்க வேண்டாம்.

கடைசியாக, வெளிநாடே போகாத வீட்டுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. அவர்கள் நாட்டைக் காக்கப் போடச் சொல்லும் அதே ஊசிதான் நம் குழந்தைகளையும் காக்கிறது. குழந்தையை எந்த நாய் கடித்தாலும், லேசாகப் பிறாண்டினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், சொன்ன தேதிகளில் ஒன்று விடாமல் ஊசி போடுங்கள்.

இன்று மாலை வேலை ஒழிந்ததும் உங்கள் நாயின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள். அடுத்த ஊசிக்குரிய தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அட்டையே இல்லை என்றால், நாளைக் காலை முதல் வேலை அதுதான்.